பச்சைப் பெட்டியில் போட்ட ஒன்பது கடிதங்கள்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தெரு முனையில் ஒரே கூட்டம். அடிதடியோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை... கடப்பாரையும் கையுமாக இரண்டு பேர் வந்து அஞ்சல் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

பச்சை வர்ணம், நெற்றியில் சங்கு முத்திரை, கனத்த இரும்புப் பெட்டி. நான் கல்யாணமாகி வடசேரிக்கு வந்த நாளிலிருந்து அந்த முனையில்தான் நிற்கிறது. அதைச் சாய்த்து வண்டியில் ஏற்றிவிட்டு, அதே குழியில் ஒரு சிவப்புப் பெட்டியை நட்டார்கள். இனிமேல் இரண்டு தபால் கிடையாதாம். நாடு முழுக்க ஒரே தபால், ஒரே ஸ்டாம்ப்.

கூடி நின்றவர்களுக்கு ஆளுக்கொரு அபிப்பிராயம். "இருந்ததையும் புடுங்கியாச்சு" என்றார் ஒருவர். "இனிமேதான் ஒழுங்கா நடக்கும், பாத்துக்கிடும்" என்றார் இன்னொருவர். நான் மட்டும் துஷ்டி கேட்கச் சாவு வீட்டில் நிற்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நான் வாயைத் திறக்காமல் நிற்பது எவ்வளவு அபூர்வம் என்று இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் இருக்கிறது. அந்தப் பெட்டியை வைத்து நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். இரண்டு வருஷமாக எழுதாமல் ஒளித்து வைத்திருந்தேன். பெட்டியே போய்விட்டது, இனி என்ன?

ஆரல்வாய்மொழி எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து படிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். எங்கள் திருவிதாங்கூரில் இத்தனை நாளும் இரண்டு தபால் இருந்தது. பச்சைப் பெட்டி ராஜாங்கத்தின் சொந்த அஞ்சல் — அதற்கென்று சங்கு போட்ட கவர், சங்கு போட்ட ஸ்டாம்ப். அதில் போட்டால் கடிதம் எல்லைக்குள்ளே எங்கும் போகும், எல்லையைத் தாண்டாது. மதராஸோ பம்பாயோ கடல் தாண்டிய தேசமோ என்றால் சிவப்புப் பெட்டிதான். இது எங்கள் ஊரில் ஐந்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும்.

தெரியாதவர்களுக்கு யார் சொல்வது? அங்கேதான் நான் வருகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய தை மாதம். எங்கள் எதிர்வீட்டுக்கு ரங்கூனிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் சிவகாமி. வயசு பதினெட்டு. அப்பா இங்கே பூதப்பாண்டிக்காரர். சின்ன வயசிலேயே கப்பலேறிப் போய் அங்கே ஓர் அரிசி மில்லில் குமாஸ்தா. இவள் பிறந்தது, படித்தது எல்லாம் ரங்கூன். ஊரைச் சுற்றி உள்நாட்டுச் சண்டை. பீரங்கிச் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. ஊர் திரும்புகிற ஒரு குடும்பத்தோடு மகளை முதலில் அனுப்பிவிட்டார் மனிதர். அம்மாவும் தம்பியும் அப்பாவோடு அங்கே.

அனுப்பும்போது அவர் சொன்னது இதுதான்: "நீ போய்ப் பார். நாம் அங்கே பிழைக்க முடியுமா, மனுஷர்கள் எப்படி என்று எழுது. நீ வா என்று எழுதினால் வருகிறோம். வேண்டாம் என்றால் முதலாளியோடு பினாங்குக்குப் போகிறோம். பங்குனிக்குள் எனக்குத் தெரிய வேண்டும்."

பாருங்கள், ஒரு குடும்பம் எந்தத் தேசத்தில் வாழ்வது என்கிற முடிவு — பதினெட்டு வயசுப் பெண்ணின் பேனா முனையில்!

வந்த அன்றைக்கு ஊரே அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "சொந்த ஊருக்கு வந்துட்டியே மக்கா!" அப்பாவின் ஊர் பிள்ளைக்குச் சொந்த ஊராகிவிடுமா? அவளுக்கு இது கப்பலும் ரயிலும் பஸ்ஸும் பிடித்து வந்த அந்நிய தேசம். அதை நாங்கள் யோசிக்கவில்லை. உதவி செய்வதில் அவ்வளவு மும்முரமாக இருந்தோம்.

உதவி என்றால் சாதாரண உதவியா? எங்கள் மாதர் சங்கம் கூடித் தீர்மானமே போட்டது. தலைவி வக்கீலம்மா. காரியதரிசி, ஊருக்கெல்லாம் டீச்சரான நான். உறுப்பினர்கள் எங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். புதிதாக வந்திருக்கும் இளம் பெண்ணுக்கு எல்லா விதத்திலும் கைகொடுத்து உதவுவது என்று ஏகமனதாக நிறைவேறியது. அந்தக் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட வேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டோம். அவள் ஏதோ ஒரு மரப்பட்டையைக் கல்லில் உரசிக் கன்னத்தில் வட்டமாகப் பூசிக்கொள்வாள். அது அவர்கள் ஊர் வழக்கம், வெயிலுக்குக் குளிர்ச்சி. வக்கீலம்மா பார்த்துவிட்டுத் தேமல் என்று முடிவு கட்டி ஒரு புட்டி எண்ணெயோடு வந்துவிட்டார். கைலி மாதிரி ஒன்றைச் சுற்றியிருந்தாள். அதற்குத் தாவணி நான் கொடுத்தேன். வேகமாக நடந்தாள் — மெதுவாக நடக்கச் சொல்லிக் கொடுத்தார் ஒருவர். சங்கத்தில் ஆளுக்கு ஒரு திருத்தம்!

எல்லாவற்றுக்கும் மேலே அந்த முழங்கை.

சிவகாமி யாரிடம் எதைக் கொடுத்தாலும், ஒரு டம்ளர் தண்ணீர் ஆனாலும் சரி, வலது கையால் நீட்டும்போது இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொள்வாள். வக்கீலம்மாவின் கண் அதிலும் விழுந்தது.

"ஏட்டி, கைய நீட்டு. எத்தன நாளா இந்த வலி?"

"வலி ஒண்ணும் இல்லீங்க அம்மா..."

"சொல்லுகதுக்கு என்ன வெக்கம்? கப்பல்ல வந்த பிள்ள, எங்கயாம் இடிச்சிருப்பே. இப்பமே கவனிக்கணும். கல்யாணம் ஆன பெறவு யாரு பாப்பா?"

அன்று தொடங்கித் தினமும் சாயங்காலம் தைலம். வக்கீலம்மாவே வந்து, தன் கையாலேயே, சூடு பறக்கத் தேய்த்துவிடுவார். அந்தப் பெண்ணும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சரி, என் உதவிக்கு வருகிறேன். எல்லோரையும் கிண்டல் செய்துவிட்டு நான் தப்பித்துக்கொண்டால் நன்றாக இருக்காது.

வந்த மூன்றாம் நாள் சிவகாமி என்னிடம், "டீச்சர், வீட்டுக்கு லெட்டர் போடணும்" என்றாள். எனக்கு அப்படியே மனசு உருகிவிட்டது. மேஜை டிராயரைத் திறந்தேன். உள்ளே ஒரு கட்டுக் கவர் இருந்தது. அப்படியே தூக்கிக் கொடுத்தேன். "வெள்ளிக்கிழமை தோறும் அம்மாவுக்கு எழுதணும், என்ன? தெரு முனையில பெட்டி இருக்கு. வேற எங்கயும் அலைய வேண்டாம்" என்று வேறு சொன்னேன். அவள் கவரை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சங்கு போட்ட கவர். பச்சைப் பெட்டி. விலாசம் ரங்கூன்.

எனக்குத் தெரியாதா? தெரியும். தோன்றவில்லை. என் உறவு ஜனம் மொத்தமும் கன்னியாகுமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே அடக்கம். முப்பது வருஷமாக அந்தக் கவரைத் தவிர வேறு கவரை நான் தொட்டதில்லை. இந்தப் பத்தியை எழுதுவதோடு சரி. ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் சேர்ப்பது என் வீட்டுக்காரர். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவளின் லட்சணம் அது.

பிறகு வாரா வாரம் வெள்ளிக்கிழமை சிவகாமி முனைக்குப் போவாள். கவரைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு, உள்ளே விழுந்ததா என்று காது வைத்துக் கேட்பாள். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்து நான் பூரித்துப் போவேன். பதில்தான் வரவில்லை. தினமும் அஞ்சல்காரரை வழிமறித்து, "ரங்கூன் லெட்டர் இருக்குங்களா?" என்று கேட்பாள். அந்த மனிதர் சிரிப்பார். "ரங்கூனா? நம்ம கையில அது வராது மக்கா" என்பார். அவர் சொன்னது சத்தியமான உண்மை. கேட்டுக்கொண்டு நின்ற எனக்காவது உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லையே!

மாசியில் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சாப்பாடும் குறைந்தது. அவளுடைய பெரியம்மை — அப்பாவின் அண்ணன் மனைவி, அவள் தங்கியிருந்த வீட்டுக்காரி — என்னிடம் வந்து கண்ணைக் கசக்கினாள்.

"டீச்சரே, பிள்ள சோத்தப் பெசஞ்சு வச்சுக்கிட்டே இருக்கா. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. எனக்கு ஒரு வழியும் தெரியல்ல."

சங்கம் அவசரமாகக் கூடியது. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் ஒருத்தி. கண் திருஷ்டி என்றாள் இன்னொருத்தி. தையல் வகுப்பில் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். வீட்டிலிருந்து கடிதம் வருகிறதா என்று கேட்கத்தான் பன்னிரண்டு பேரில் ஒருத்திக்கும் வாய் வரவில்லை. அவளோ, குண்டு விழுந்து எல்லோரும் செத்துப்போய்விட்டார்கள் என்று மனசுக்குள்ளே முடிவு செய்துகொண்டு, அதை வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயந்து, தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். இதை அவள் பின்னால் சொன்னபோது எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

பங்குனி பிறந்தது. ஒரு மத்தியானம் சிவகாமி என் வீட்டுக்குள் ஓடி வந்தாள். கையில் ஒரு கடிதம். ரங்கூன் முத்திரை! அவள் பெரியப்பா எங்கள் டவுனுக்குக் குடிவந்தது அந்தத் தகப்பனாருக்குத் தெரியாது; கூட வந்த குடும்பம்தான் விசாரித்து இவளை இங்கே கொண்டு விட்டிருந்தது. பூதப்பாண்டிப் பழைய வீட்டு விலாசத்துக்கு எழுதியிருக்கிறார். பூட்டிய கதவின் இடுக்கில் கிடந்ததை அடுத்த வீட்டுக்காரர் சந்தைக்கு வந்தபோது கொண்டு வந்து கொடுத்திருக்கிறார்.

உயிரோடுதான் இருந்தார்கள். ஆனால்...

"நீ போய் இத்தனை நாளாகியும் ஒரு வரி இல்லை. பிடித்திருந்தால் எழுதியிருப்பாள், பிடிக்கவில்லை என்று எழுத மனசில்லாமல்தான் பேசாமல் இருக்கிறாள் என்று உன் அம்மா சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பங்குனிக் கடைசியில் பினாங்குக் கப்பலில் போகிறோம். அங்கே போய் நிலைகொண்ட பிறகு உன்னை அழைத்துக்கொள்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள் அம்மா."

"டீச்சர், நான் ஒன்பது லெட்டர் போட்டேன்" என்றாள் சிவகாமி.

"எங்கே போட்டே?"

"நீங்க சொன்ன பெட்டியில."

"எந்தக் கவர்ல?"

"நீங்க தந்த கவர்லதான் டீச்சர்."

டிராயரைத் திறந்தேன். கட்டிலிருந்து நழுவிய ஒரு கவர் கிடந்தது. அதன் மூலையில் சங்கு. எனக்குக் காதுக்குள்ளேயே ஊதினது.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். பின்னால் சிவகாமி. என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே பெரியம்மை. வழியில் எதிர்ப்பட்ட வக்கீலம்மா தைலப் புட்டியோடு சேர்ந்துகொண்டார். இந்த ஊர்வலம் அஞ்சல் ஆபீசுக்குள் நுழைந்ததும் அஞ்சல் மாஸ்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் பேசாமல் அலமாரியைத் திறந்து நூல் சுற்றிய ஒரு கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்பதும் இருந்தன.

"சங்கு கடல் தாண்டாதல்லோ டீச்சரே. திருப்பித் தரலாம்னா அனுப்பின ஆளுடைய விலாசம் இல்ல. பிரிச்சுப் பாக்க நமக்கு அதிகாரமும் இல்ல. யாராவது தேடி வரும்னு பத்திரமா வச்சிருந்தேன்."

"ஊர்ல ரங்கூன் பிள்ள ஒண்ணுதானே இருக்கு? யார்ட்டயாவது ஒரு வார்த்த கேக்கப்பிடாதா?" என்று பாய்ந்தார் வக்கீலம்மா.

"யாரிடம் கேக்க? நான் கோட்டயத்துக்காரன். மாறி வந்து மூணு மாசம் ஆச்சு. நானும் இந்த ஊருக்குப் புதுசல்லோ. ஸ்டாம்ப் கேக்க வர்றவங்க தவிர இதுவரை ஒருத்தரும் என்னிடம் பேசியிட்டில்ல."

வக்கீலம்மா கையிலிருந்த தைலப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவகாமி கடிதக் கட்டை எடுத்துக்கொண்டாள்.

இனி ஒரே வழி தந்தி. மணிமேடைப் பக்கம் தந்தி ஆபீசுக்கு நடந்தோம். நடக்கும்போதே வக்கீலம்மா வாசகம் தயாரிக்க ஆரம்பித்துவிட்டார். நமஸ்காரம், க்ஷேமம், நடந்த தவறுக்கு மாதர் சங்கத்தின் வருத்தம்... தந்தியா, தலைமையுரையா? அதற்குள் நான் ஒன்று சொல்ல, பெரியம்மை ஒன்று சொல்ல, ஒரே சத்தம். சிவகாமி தெரு நடுவில் நின்றுவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரச் சொல்வது என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவளிடம் கேட்டேன்.

"மக்கா, ஒனக்கு என்ன வேணும்? வரச் சொல்லணுமா, வேண்டாமா? ஒனக்கு இங்க பிடிச்சிருக்கா?"

அவள் கையிலிருந்த கட்டின் நூலை அவிழ்த்தாள். ஒரு கடிதத்தை உருவிப் பிரித்தாள். "இது மொதல் லெட்டர்" என்று படித்தாள்.

"அம்மா, இங்கே வர வேண்டாம். எல்லோரும் நல்லவர்கள். ஆனால் பொழுது விடிந்ததிலிருந்து யாராவது என்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். என் முகம் தப்பு, உடுப்பு தப்பு, நடை தப்பு. நான் தப்பில்லாமல் செய்வது தூங்குவது மட்டும்தான்."

நாங்கள் மூன்று பேரும் மூன்று திசையில் பார்த்தோம். அவள் இன்னொன்றைப் பிரித்தாள்.

"பெரியவர்களுக்கு மரியாதையாக முழங்கையைத் தாங்கிக் கொடுக்கிறேன் அல்லவா? இங்கே ஓர் அம்மா அதைக் கைவலி என்று நினைத்துத் தினமும் தைலம் தேய்க்கிறார். வலியில்லை என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடும். அதனால் இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்."

வக்கீலம்மா புட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

பிறகு கடைசிக் கடிதத்தைப் பிரித்தாள். "எனக்குக் கௌசுவே சாப்பிட ஆசையாக இருக்கிறது என்று எப்போதோ சொன்னேன். பெரியம்மை நேற்று இடியாப்பத்தில் புளித்தண்ணீரும் பொரித்த வெங்காயமும் போட்டுப் பிசைந்து, இதுதானே உங்க ஊர்ப் பலகாரம் என்று தந்தாள். அது கௌசுவே மாதிரியே இல்லை. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். அம்மா, நீங்கள் இங்கேயே வந்துவிடுங்கள். ஏன் பதில் இல்லை? எல்லோரும் இருக்கிறீர்களா?"

பெரியம்மை நடுத்தெருவில் ஓவென்று அழுதுவிட்டாள். "மாதிரியே இல்லன்னா சொல்லப்பிடாதாட்டி? நான் திரும்பவும் செஞ்சு தந்திருப்பேன்லா!"

தந்தி வாசகத்தைச் சிவகாமியே எழுதினாள். மூன்றே வரி. கடிதங்கள் சேரவில்லை. பிடித்திருக்கிறது. வாருங்கள். அடியில் டவுன் விலாசம். நாங்கள் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. முதல் எட்டுக் கடிதங்களை அவள் மடியில் முடிந்துகொண்டாள். ஒன்பதாவதை மட்டும் வேறு கவரில் போட்டு, சரியான ஸ்டாம்ப் ஒட்டி — என் கண் முன்னாலேயே ஒட்டச் சொன்னேன் — சிவப்புப் பெட்டியில் போட்டாள்.

அன்று வீட்டுக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: "மொதல் லெட்டர் ஒழுங்காப் போய்ச் சேந்திருந்தா அவ்வோ அப்பமே பினாங்குக்குப் போயிருப்பாவ. ஒன் முட்டாத்தனத்தாலதான் காத்துக்கிட்டு இருந்திருக்காவ." சமாதானமா, குத்தலா? இருபத்தைந்து வருஷமாக எனக்கு இந்த மனிதரைப் புரிந்ததில்லை. அந்தப் பெண் இரண்டு மாதம் மனசுக்குள் அழுததற்கு அது சமாதானம் ஆகாது.

எட்டு நாள். நாங்கள் பன்னிரண்டு பேரும் முறைவைத்துத் தெருவைப் பார்த்தோம். கப்பல் முந்துமா, தந்தி முந்துமா? ஒன்பதாம் நாள் தந்திச் சேவகர் சைக்கிளை நிறுத்தினார். எங்கள் ஊரில் தந்தி என்றாலே சாவுச் செய்திதானே? உறையைக் கண்டதும் பெரியம்மை தலையில் அடித்துக்கொண்டு விழுந்தாள். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து துக்கம் விசாரிக்கவே தொடங்கிவிட்டார்கள். இந்த அமளியில் சிவகாமி உறையைக் கிழித்து வாசித்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"பினாங்குக்குப் போகலை டீச்சர். இங்க வர்றாங்க."

சித்திரையில் வந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய சிவகாமியின் அம்மா, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வக்கீலம்மாவிடம் நீட்டினாள் — இடது கையால் வலது முழங்கையைத் தாங்கியபடி. வக்கீலம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு தாம் கொண்டு வந்திருந்த பூச்சரத்தை எடுத்து, அதே மாதிரி முழங்கையைத் தாங்கிக்கொண்டு, அவளிடம் நீட்டினார்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? புதிதாக வருகிறவர்களுக்கு நாம் கொடுப்பதில் கணக்கு வழக்கே இல்லை. கவர், தாவணி, தைலம், புத்திமதி. கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. அதற்குத்தான் நமக்கு நேரம் இருப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை பெட்டியைப் பிடுங்கினார்கள் என்றேன் அல்லவா? வெள்ளிக்கிழமை எங்கள் சங்கக் கூட்டம். கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணை இந்தத் தடவை கூட்டத்துக்கே அழைத்திருந்தோம். மிரண்டுபோய் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சிவகாமிதான் இப்போது காரியதரிசி; என்னைக் கௌரவமாக இறக்கிவிட்டார்கள். அவள் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுக்கு லெட்டர் போட்டியா? பதில் வந்துதா?"

கூட்டம் முடிந்து சுண்டல். வக்கீலம்மா முழங்கையைத் தாங்கிக்கொண்டு ஆளாளுக்கு நீட்டினார். வாங்கின ஒவ்வொருத்தியும் முழங்கையைத் தாங்கிக்கொண்டே அடுத்தவளுக்கு நகர்த்தினாள். கொழும்புப் பெண் திருதிருவென்று பார்த்தாள். மெல்ல என் காதருகே குனிந்தாள்.

"டீச்சர்... இவங்களுக்கெல்லாம் கையில என்ன?"

"முழங்கை வலி மக்கா" என்றேன். "இங்க வந்த ஒரு பிள்ளைகிட்டருந்து எங்க எல்லாருக்கும் ஒட்டிக்கிட்டு!"